மணியடித்தால் இறங்கிவிடுகிறவர்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் ஓட்டுகிறார். இப்படிச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், அதென்ன பஸ்ஸா என்று கேட்பார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறியவர்கள் கேட்க மாட்டார்கள். அது ரொம்பப் பழையது. இரண்டு கம்பிக் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் சாத்த வேண்டும். அரை விரல் இடைவெளி இருந்தாலும் அசையாது. எடை கூடிவிட்டால் தலைக்கு மேலே ஒரு மணி கத்த ஆரம்பிக்கும். யாராவது இறங்கினால்தான் வாயை மூடும்.

அதே கட்டடத்தில் நான் தரை துடைக்கிறேன். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் மாமாவோடு வந்து மாலையில் அவரோடு திரும்புவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் வாளியும் துடைப்பமுமாக நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை என்பதால், நான் எல்லோரையும் கவனிக்க முடிகிறது.

மாமா பெரிய உடம்புக்காரர். ஸ்டூலில் உட்கார்ந்தால் கீழே ஸ்டூல் இருப்பது தெரியாது. மணியடித்ததும் முதலில் இறங்குவது அவர்தான். "நீங்க போங்க, கதவைச் சாத்திட்டு நாலை அமுக்குங்க. நான் படியில வந்து திறந்துவிடறேன்" என்பார். மணி சட்டென்று நின்றுவிடும். பிறகு அந்த உடம்பு படிகளில் தடதடவென்று ஏறும். லிஃப்ட் முக்கி முனகி நாலாவது மாடிக்கு வரும்போது, அவர் அங்கே கதவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார்.

"என்னங்க, பறந்து வந்தீங்களா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க, லிஃப்ட்டுக்கு என்னைப் பாத்தா வெக்கம். அதான் மெதுவா வருது."

உடம்பு பெரிது, அதனால் இறங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"மணி அடிச்சா எல்லாரும் என்ன பண்ணுவாங்க சின்னவளே? உள்ள இருக்கிறதுலயே குண்டா யாருன்னு தேடுவாங்க. தேடறதுக்குள்ள நான் இறங்கிட்டா சோலி முடிஞ்சுது" என்றார்.

இது நாலாவது மாடியில் உடம்பை இளைக்கவைக்கிற நிலையம் வந்த பிறகு சொன்னது. அதை நடத்துகிறவர் டிவியிலும் போனிலும் வருகிற ஆரோக்கிய நிபுணர். நாங்கள் டிவிக்காரர் என்போம். நடிகைகளுக்கெல்லாம் உடம்பை இறக்கிக் கொடுத்தவராம். மூன்று வாரம் சாப்பாடே கிடையாது. பச்சை நிறத்தில் ஒரு சாறு, மஞ்சள் நிறத்தில் ஒரு சாறு, நிறமே இல்லாத ஒரு தண்ணீர். அவ்வளவுதான். அவரிடம் வருகிறவர்கள்தான் அந்த மணிக்கு அதிகம் பயந்தார்கள். லிஃப்ட்டுக்குள் கால் வைக்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், மூச்சை விடாவிட்டால் எடை குறைந்துவிடும் என்பதுபோல.

எனக்குக் குழப்பம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. வருகிறவர்கள் இளைப்பது உண்மை. கண்ணால் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று ஆகும், கன்னம் உள்ளே போகும், முகத்தில் ஒரு பெருமை வரும். அப்புறம் அவர்கள் வருவது நின்றுவிடும். சில மாதம் கழித்து அதே ஆட்கள், முன்பைவிடச் சற்றுப் பெரிதாக, யார் கண்ணையும் பார்க்காமல் திரும்ப லிஃப்ட்டில் ஏறுவார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் அப்படி வந்தவர்தான். மேலே முன்னறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "அவங்க போன தடவையே இளைச்சுட்டாங்களே?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அவங்க சரியா கடைப்பிடிக்கலக்கா" என்றாள்.

இளைத்தால் அது சாறு செய்தது. திரும்பப் பெருத்தால் அது டீச்சர் செய்தது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான், இதில் ஏதோ கணக்கு எனக்குப் பிடிபடவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் டிவிக்காரர் லிஃப்ட்டில் மாமாவின் தோளில் கைபோட்டார். "நீங்க வாசல்லயே இப்படி நின்னா, என்கிட்ட வர்றவங்க என்ன நினைப்பாங்க? உங்களுக்கு நான் ஃப்ரீயா பண்றேன். முடிஞ்சதும் நாலு வார்த்தை, நல்லா இருக்கேன்னு கேமரா முன்னாடி சொன்னா போதும்" என்றார்.

டிவியில் வருகிற மனிதர் மாமாவின் தோளைத் தொட்டது அதுவே முதல் தடவை. அன்று வீடு வரைக்கும் அந்தத் தோளை ஆட்டாமல் நடந்துவந்தார்.

தானும் சாறு குடிக்கப் போவதாக அவர் சொன்னதும் அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "ஏங்க, அவரு வீட்டுல அடுப்பே இல்லையாமா?"

"அவரும் இதைத்தான் குடிக்கிறாராம்."

"நீங்க பாத்தீங்களா?"

"டிவியில குடிச்சாரே."

"டிவியில செத்தவங்க எல்லாம் அடுத்த வாரம் வேற நாடகத்துல வர்றாங்க" என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகவே போனது. மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமாவின் குறட்டை நின்றது. முழங்கால் வலி குறைந்தது. அக்காகூட ஒரு காலையில், "நிம்மதியா தூங்கினேன்டி, பக்கத்துல ஆள் இருக்காரான்னு தொட்டுப் பாத்தேன்" என்றாள். அப்படியானால் டிவிக்காரர் சொல்வதுதான் சரியோ என்று எனக்குத் தோன்றியது. பொது மருத்துவமனையில் முன்பு ஒரு டாக்டரம்மாவும் மாமாவைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அவர், "அவசரமில்ல, மெதுவா குறைங்க, படி ஏறுறதை மட்டும் விட்டுடாதீங்க" என்றிருந்தார். இருவரும் சொன்னது ஒன்றா, வேறு வேறா? அதுவும் தெரியவில்லை.

இரண்டாவது வாரத்தில் மாமா பேச்சைக் குறைத்தார். மூன்றாவது வாரத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அக்கா கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். "ஒரு கையில கதவு, ஒரு கையில பேண்ட்டு. எதைப் பிடிப்பீங்க, எதை விடுவீங்க?" மாமா சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமல்லவா.

அந்த வாரம்தான் மணி கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்று அவர் நினைத்தார். கூட்டம் ஏறியதும் மணியடித்தது, வழக்கம்போல இறங்கினார். மணி நிற்கவில்லை. மறுபடி உள்ளே ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்தார். கத்திக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு இளைஞன், "நான் நடந்தே போறேன்" என்று இறங்கிய பிறகுதான் ஓய்ந்தது. மாமா லிஃப்ட் மெக்கானிக்குக்கு போன் போட்டார். அவர் வந்து மூடியைக் கழற்றி, தட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினார்.

"மணி நல்லாத்தான் இருக்குண்ணே. நீங்க இறங்கினா குறையறதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமில்ல இப்போ" என்று சிரித்தார்.

மாமா அன்று மதியமெல்லாம் அந்த மணியையே அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

படம் பிடிக்கிற நாள் வந்தது. டிவிக்காரர், கேமராக்காரர்கள் இரண்டு பேர், அவர்களுடைய இரும்புப் பெட்டி, கண்ணாடி டீச்சர் எல்லோரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். நான் கீழே வாசலருகில் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஏறியதும், உள்ளே ஸ்டூலில் இருந்த மாமாவின் தலைக்கு மேலே மணியடித்தது. அவர் உடனே இறங்கினார். மணி நிற்கவில்லை.

"நீங்க ஏன் இறங்கறீங்க? நீங்கதான் இப்ப காத்து மாதிரி ஆயிட்டீங்களே, உள்ள வாங்க" என்றார் டிவிக்காரர். பிறகு சிரித்துக்கொண்டே, "மணிக்குத் தெரியும் யாரைக் கூப்பிடணும்னு" என்றார்.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அந்த இரும்புப் பெட்டியை எடுத்து வெளியே வைத்திருந்தாலும் மணி நின்றிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். மணி நின்றது.

"வாங்க, நம்ம ஹீரோ இல்லாம படமா?" என்று டிவிக்காரர் மாமாவைக் கூப்பிட்டார்.

"நீங்க போங்கய்யா. நான் படியில வந்து திறந்துவிடறேன்" என்றார் மாமா.

லிஃப்ட் கிளம்பியது. டீச்சர் படியில் முன்னால் ஏறினார், மாமா பின்னால். வழக்கமாக அவர் ஏறினால் படி அதிரும். அன்று சத்தமே இல்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. வாளியை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டாவது மாடியில், "டீச்சர், விளக்கு அணைஞ்சுடுச்சா?" என்று கேட்டார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் ஓடிப் பிடிப்பதற்குள் டீச்சர் அவருடைய தோளைத் தாங்கிப் படியில் உட்காரவைத்துவிட்டார். வலுவான கை அவருக்கு. கைப்பையிலிருந்து ஒரு பன் எடுத்தார். காகிதத்தில் நாலு மடிப்பாகச் சுற்றி, அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

"சாப்பிடுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

மாமா பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "மேல போயி நல்லா இருக்கேன்னு சொல்லணும் டீச்சர்."

"நல்லா இருக்கீங்களா?"

"அதான் தெரியல. முட்டி வலிக்கல. குறட்டை இல்லையாம். ஆனா ரெண்டு மாடி ஏற முடியல. நீங்க ரெண்டு தடவை பண்ணவங்க, நீங்க சொல்லுங்க. இது நல்லதா, கெட்டதா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைக் கேட்டா? இளைச்சிருந்தப்ப எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னாங்க, நம்பினேன். மறுபடி பெருத்தப்ப நான்தான் கெடுத்துட்டேன்னாங்க, அதையும் நம்பினேன். ரெண்டு தடவையும் என் உடம்பை யாரும் கேக்கல. நானும் கேக்கல."

மேலே லிஃப்ட் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அதைத் திறக்கும் விதம் தெரியவில்லை. மாமா பன்னைச் சாப்பிட்டார். அவசரமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் துணுக்கு வரை. தட்டும் சத்தம் நிற்கவேயில்லை. பிறகு டீச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவரை மேலே கூட்டிப்போனோம். அவரே கதவைத் திறந்துவிட்டார். டிவிக்காரருடைய முகம் வியர்த்திருந்தது.

கேமராவுக்கு முன்னால் நிற்கவைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உடம்பு லேசா இருக்குங்க" என்றார் மாமா. "ஆனா என் உடம்பு மாதிரி இல்லீங்க. முன்னாடி நாலு மாடி ஓடுவேன், இன்னைக்கு ரெண்டுலயே உக்காந்துட்டேன். குறைஞ்சது கொழுப்புன்னு சொல்றீங்க. கொழுப்பு போகும்போது வேற எதையோ துணைக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சோன்னு சந்தேகமா இருக்கு. குத்தமா சொல்லலய்யா. நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறேன், இது சரியா?"

டிவிக்காரர் சிரித்தார். "முதல் வரி பிரமாதம். அது போதும்" என்றார். கேமராவை அணைக்கச் சொன்னார். மாமா கேட்டது ஒருவேளை அவருக்கும் தெரியாதோ என்னவோ.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா கைகழுவிவிட்டு உட்கார்ந்தார். "சோறு போடு" என்றார்.

அக்காவுக்கு வாயில் நூறு வார்த்தை இருந்திருக்கும். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. நீயே பாத்துப் போடு."

இப்போது கீழ்வாசலில், லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்கள். கன்னம் ஒட்டிய மாமா அதில் தோன்றி, "உடம்பு லேசா இருக்குங்க" என்று சொல்கிறார். அந்த ஒரு வரிதான். முடிந்ததும் திரும்பவும் அதே வரி. திரைக்குக் கீழே ஸ்டூலில் மாமா உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூல் மறுபடி தெரியாமல் போய்விட்டது. பழைய அளவைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். குறட்டையும் வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் போனோம். "மெதுவான்னு சொன்னேனே" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாலையில் இப்போது வீட்டுக்குச் சுற்று வழியில் நடக்கிறோம், அவர் சொல்லித்தான்.

புதிதாக வருகிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், ஸ்டூலைப் பார்ப்பார்கள், மறுபடி திரையைப் பார்ப்பார்கள். நேற்று ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "அவரு உங்க தம்பிங்களா?"

"ஆமாங்க, தம்பிதான்" என்றார் மாமா.

"இப்ப என்ன பண்றாரு?"

"தெரியலீங்க. கொஞ்ச நாளா கண்ணுலயே படல."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஏறினார். பின்னாலேயே நாலைந்து பேர், கடைசியில் கண்ணாடி டீச்சர். அவர் ஏன் இன்னும் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. மணியடித்தது. டீச்சரின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. அதற்குள் மாமா இறங்கிவிட்டார். மணி நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாமா படியேறினார். படி அதிர்ந்தது, ஆனால் முன்போல் தடதடவென்று இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று போனார். வயதாகிறதா, அந்த மூன்று வாரம் எடுத்துக்கொண்டு போனது இன்னும் திரும்பி வரவில்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் துடைப்பத்தோடு அவரைத் தாண்டி ஏறி நாலாவது மாடியில் போய் நின்றேன். லிஃப்ட் முதலில் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. மாமா மூச்சுவாங்க வந்து கதவை இழுத்தார்.

"லிஃப்ட்டுக்கு வெக்கம் விட்டுப்போச்சுங்க" என்றார்.