மூடி போட்ட கேமரா

கிட்ட வந்து குந்துங்க. படம் எடுக்கிற இடத்தில் மைக் பிடிக்கிறவன் தொழிலில் வாயை மூடினால்தான் சோறு. அதற்கு முன்னால் தண்டலத்தில் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டினவன் நான். ஊரையே எழுப்பினவன் மூச்சுவிடப் பயந்து நிற்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று, சூப்பர்வைசர் முன்னால் வாயடக்கி நின்ற உங்களுக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில் என்னை மாட்டிவிட்டவர் ராஜேஸ்வரி அம்மா. கேள்வி கேட்காமல், வர்ணனை சொல்லாமல், நடப்பதை நடந்தபடியே படம் எடுக்க இந்தப் பக்கம் முதலில் துணிந்தவர்.

மூடி

சுங்குவார்சத்திரத்தில் ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். அம்மா கேமராவோடு ஒரு வாரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார், மூடியைக்கூடக் கழற்றவில்லை. கேமரா அவர்களுக்கு இன்னொரு வாளி மாதிரி பழகிவிட வேண்டுமாம். சங்கரன்கோவில் பெண் செல்வி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மூடியத் தெறங்கக்கா. எங்க மூஞ்சி அம்புட்டு மோசமாவா இருக்கு?"

இன்னொரு தபா

மூடி கழன்ற பிறகு ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து வந்த செல்வி முகமெல்லாம் சோப்போடு முற்றத்துக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. அங்கே அது தினப்படி கூத்து. அந்தச் சத்தம் என் மைக்கில் சரியாக விழவில்லை. மைக்செட்காரப் புத்தி, "இன்னொரு தபா திருகும்மா" என்றுவிட்டேன். அம்மா கேமராவையே அணைத்துவிட்டார். யாரையும் மறுபடி செய்யச் சொல்லக் கூடாது, அதுதான் அவர் சட்டம். கண்ணெரிச்சலோடு செல்விதான் என்னைத் தேற்றினாள்: "அவசரப்படாதீய அண்ணாச்சி, நாளைக்கும் வராது."

மேனேஜர்

வறண்ட குழாயைப் படம் எடுத்த சேதி கேட்டு ஹாஸ்டல் மேனேஜர் வந்தார். நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தால், தலை சீவிக்கொண்டு கேமரா முன்னால் நின்றார். "தண்ணி தாராளமா வருது. கேளுங்க, சொல்றேன்." அம்மா கேட்கவில்லை. கேமரா ஓடியது. எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் மனுஷன் எவ்வளவு நேரம் தாங்குவான்? "தண்ணி லாரிக்குச் சொன்னா வந்துடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொல்ல வேணாம்னு ஓனர்தான் சொல்லிகீறார்" என்றார். வேர்த்துக் கொட்டியது. "இன்னா மேடம், ஏதாச்சும் கேட்டுத் தொலைங்களேன்!"

பெட்டி

மறுநாள் மேனேஜர், குழாயைத் திருகிப் படத்தில் விழுந்த செல்வியின் பெட்டியை முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார். கேமராவில் அவர் உளறினதை அம்மா அழித்தால் அவள் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியோடு தெருவுக்கு. "அழிக்காதீங்கக்கா" என்று செல்வி பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா கேமராவை அவளுக்கு நேராக நிறுத்தினார். மேனேஜர் கை பெட்டிக்கு நீளும். கேமராவைப் பார்த்ததும் சுருங்கும். வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்: "நான் எதுக்கு சார் வில்லன்? நீங்களே தூக்குங்க."

பெண்கள் ஒவ்வொருவராக வாளியோடு வந்து செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து, எங்கள் பக்கம் மட்டும் தெரிகிற கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரி செத்துவிட்டது! கண்ணை எடுக்காமலே அம்மா முணுமுணுத்தார்: "மைக்கை இறக்காதீங்க, அண்ணே."

மேனேஜர் போனை எடுத்து லாரிக்குச் சொல்லி, லாரி வந்து, செல்வி பெட்டியை உள்ளே தூக்கிப்போய், குழாயில் தண்ணீர் கொட்டின பிறகுதான் அந்தச் செத்த கேமராவுக்கு அம்மா மூடி போட்டார்.