கத்தட்டும், பார்ப்போம்

ஒரு பழைய கம்ப்யூட்டரின் ஒயரை உருவிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் காதைச் சாய்த்து நிற்கிறார். கம்ப்யூட்டர் அறையில் ஏசி மட்டும் உறுமுகிறது. வெளியே யாரும் சத்தம் போடவில்லை. "கத்தட்டும், பார்ப்போம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார்.

எங்கள் மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். அவருக்குக் 'கத்தல் சார்' என்று பெயர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கத்துவது மற்றவர்கள் வேலை. அந்த அறை நிறையப் பழைய கம்ப்யூட்டர்கள். வாங்கி வைத்தவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எது எதற்காக ஓடுகிறது என்று எந்தப் பிரிவைக் கேட்டாலும், "ஐயையோ, அது ரொம்ப முக்கியம் சார்" என்பார்கள். எதற்கு முக்கியம் என்று சொல்லத் தெரியாது. எனவே கேட்பதை நிறுத்திவிட்டார். ஒயரை உருவுவார். யார் அலறிக்கொண்டு ஓடி வருகிறார்களோ, அது அவர்களுடையது. உடனே செருகிவிட்டு, "உங்களுதா? சொல்லவேயில்லையே" என்பார், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு. யாரும் வராவிட்டால், சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார். "அழுத பிள்ளைதானேம்மா பால் குடிக்கும்" என்பது அவர் கட்சி.

நான் பில் போடும் பிரிவு. பாதி பில்லில் திரை இருண்டுபோய், செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அலறியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டிலும் இதே கதைதான். வேண்டாததோ என்று சந்தேகம் வரும் சாமானை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். யாரும் தேடாவிட்டால் அது தானம். "என் நல்ல கத்தரிக்கோல், எங்கம்மா குடுத்த குடை எல்லாம் அப்படித்தான் போச்சு. என்னையும் ஒருநாள் தள்ளியிருப்பாரு. நான் கத்துற கத்து அவருக்குத் தெரியும், அதான் பயம்" என்கிறார் அவர் மனைவி.

ஒரே ஒரு தடவை கணக்குத் தப்பியது. மூலையில் கிடந்த ஒரு பெட்டியின் ஒயரை உருவினார், காத்திருந்தார், மூச்சுப் பேச்சு இல்லை. விற்றாயிற்று. பல மாதம் கழித்து, ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில், தலைமைக் கணக்கர் வந்து தலையில் அடித்துக்கொண்டு அலறினார். வருடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் வேலை செய்யும் பெட்டி அது. நல்லவேளை, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி டிராயரில் போட்டு வைத்திருந்தார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். அதற்குப் பிறகு ஒயரில் கை வைக்குமுன் ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது: "கத்த வேண்டியவன் ஊர்ல இருக்கானா?"

போன மாதம் அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. லீவு கேட்கப் போனபோது புதிய மேனேஜர், "அந்தப் பழைய மெஷினெல்லாம் சீக்கிரம் போயிடும். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு திரும்பி வந்ததும் பேசுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். கத்திகூட அவ்வளவு ஆழமாய் இறங்கியிருக்காது.

வீட்டுக்குப் பார்க்கப் போனேன். வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் போன். பேச்சுக்கு நடுவே அதை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து இதே பாடு. அது மணி அடிக்குதான்னு பார்க்க, என் போன்லேர்ந்து அடிக்கச் சொல்றாரு" என்றார் மனைவி, உள்ளே போய்க்கொண்டே.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் வந்து படுத்ததுலேர்ந்து ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் இல்லம்மா. என்னை உருவிட்டாங்க, ஒருத்தரும் கத்தலை. என் ரூல்படி நான் இரும்புக் கடைக்குப் போக வேண்டியவன்தான்."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரு சார் கத்தலைன்னு சொன்னது? குடோன்ல லேபிள் பிரிண்ட் ஆகலை, லாரியெல்லாம் வரிசையா நிக்குது. வெளியாளுங்க ரெண்டு பேர் வந்து பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிட்டாங்க. ஆபரேஷன் ஆனவருக்கு யாரும் போன் பண்ணக்கூடாதுன்னு மேனேஜர் ஆர்டர். நேர்ல போகக்கூடாதுன்னு சொல்லலை, அதான் நான் வந்தேன். கத்த வேண்டியவங்க எல்லாரும் ஊர்லதான் சார் இருக்காங்க. வாயைக் கட்டி வச்சிருக்கு!"

அவர் என் பக்கம் திரும்பினார். "வாயைக் கட்டினா எப்படிம்மா கத்துவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார், ஏதோ நான்தான் அந்தத் தப்பைச் செய்தவள் போல. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "ஐயோ, தையல் பிரிஞ்சிடும்" என்று முனகிக்கொண்டே சிரித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்போது போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். மேனேஜர்தான். போட்ட ஆர்டரை அவரே மீறிவிட்டார்.

"போன் அடிக்குது, காதுல விழலையா?" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தார்.

அவர் ஒரு கையைத் தூக்கி எங்கள் இருவரையும் அமர்த்தினார். போனைத் தலையணை மேல் வைத்து, அதன் பக்கம் காதைச் சாய்த்து, மணியின் ஒலியை இன்னும் ஒரு படி கூட்டினார்.