சைக்கிளில் மிச்சம் பிடித்த கதை

போன வாரம் என் வீட்டுக்காரருக்குக் கையிலிருந்த மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கை வெளுத்து, மெலிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பவானிபூருக்கு டாக்ஸியில் திரும்பிக்கொண்டிருந்தோம். மணிக்கட்டை மெதுவாக அசைத்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வாரத்துல ஓட்டலாம்னு நினைக்கிறேன். ஹேண்டில்பாரை மட்டும் மாத்தணும். கொஞ்சம் உசரமா ஒண்ணு வந்திருக்காம்."

"என்ன விலை?"

"விலையைப் பாக்காதே. மாசாமாசம் பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகுதுன்னு பாரு."

இளகிய மனசு அந்த சிக்னலிலேயே இறுகிவிட்டது.

சைக்கிள் ஓட்டினால் காசு மிச்சமாகுமா? உங்கள் வீட்டிலும் யாராவது இந்தக் கேள்வியோடு இன்டர்நெட்டில் சைக்கிள் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இந்த ஒரு வருடத்தில் பதில் தெரிந்துவிட்டது. கொஞ்சம் கசப்பாக இருக்கும். பரவாயில்லையா?

என் வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை. எனக்கு ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் உத்தியோகம். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதற்கு முன்பணம் கட்டியது என் ட்யூஷன் காசு, ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில். தினமும் காலையில் அவர் ஸ்கூட்டரில் போவார். நான் டாலிகஞ்ச் வரை மெட்ரோ, அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

இந்த ஊர் ஷேர் ஆட்டோவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்னால் மூன்று பேர், முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒருவர். வரிசையில் நாலாவது ஆளாக நிற்பவருக்கு அந்த முன்சீட்டுதான். பாதி உடம்பு ஆட்டோவுக்குள், பாதி ரோட்டுக்கு மேல். ஒரு கையில் கம்பி, மடியில் திருத்திய விடைத்தாள் பை. இறங்கும்போது சில்லறை இல்லையென்றால் டிரைவரிடம் அதற்கு வேறு வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். திருச்சியில் கல்லூரிக்கு வண்டி ஓட்டிப் போனவள் நான். லைசென்ஸ் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

போன வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் அவருக்கு போனஸ் வந்தது. வழக்கமாகத் துணிமணி, ஊருக்கு டிக்கெட் என்று கரைந்துபோகும். இந்தத் தடவை அதில் பெரும்பகுதியைப் பத்திரமாக எடுத்து வைத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நவம்பர் மாதம் ஒரு சைக்கிளோடு வந்து நின்றார்.

சைக்கிள் என்றால் பால்காரர் சைக்கிள், மீன்காரர் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கையால் தூக்கலாம். டயர் என் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கூடக் கிடையாது. "இவ்வளவும் இல்லாததுக்கா இவ்வளவு விலை?" என்றேன். எடை குறைவு, அதனால்தான் விலை அதிகம் என்று விளக்கினார்.

ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை. ஏன் தெரியுமா? ஸ்கூட்டர் சும்மா நிற்கப்போகிறதே...

"நீங்கதான் சைக்கிள்ல போறீங்களே. ஸ்கூட்டரை நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"போயேன். இப்ப வேண்டாம், டச் விட்டுப்போயிருக்கும். சண்டே சண்டே ஓட்டிப் பழகிக்கோ."

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்துகளில் ஓட்டிப் பழகினேன். மூன்றாவது வாரமே கை பழகிவிட்டது. இருந்தாலும் குளிர்காலம் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. கோடை லீவு முடிந்து ஸ்கூல் திறக்கும் நாளிலிருந்து ஸ்கூட்டரில்தான் போவது என்று முடிவு செய்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். நல்லதாக ஒரு ஹெல்மெட்கூட வாங்கினேன்.

இதற்கிடையில் சைக்கிள் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. எப்படி? இரண்டு தோசை சாப்பிட்டவர் ஐந்து சாப்பிட ஆரம்பித்தார். அது போக வாழைப்பழம், பாதாம், ஏதோ ஒரு பவுடர். வியர்த்துப்போவதால் ஆபீஸில் மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை. அதைத் துவைப்பது யார், இஸ்திரி போடுவது யார் என்று கேட்காதீர்கள். கீழே வைத்தால் திருட்டுப் போய்விடுமாம். அதனால் மூன்றாவது மாடி வரை தூக்கிவந்து ஹாலில் நிறுத்துவார். சோபாவை நகர்த்தி அதற்கு இடம் கொடுத்தோம்.

இந்த ஊரில் பெரிய ரோடுகள் பலவற்றில் சைக்கிள் போகக்கூடாது. தெரியாமல் போய் டிராஃபிக் சார்ஜென்ட்டிடம் அபராதம் கட்டினார். பிறகு சந்து சந்தாகச் சுற்றிப் போனார். சந்தில் ஆணி, ஆணியில் பங்க்சர். இந்த டயருக்கு ஒட்டுப் போட மாட்டேன் என்று தெருமுனைக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். டியூபையே மாற்ற வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு மாதக் கடைசியில், "இந்த மாசம் பெட்ரோலே போடலை, பாத்தியா?" என்பார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்கூல் திறக்க நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்கூட்டரைக் குடுத்துட்டேன். எங்க செக்ஷன் சௌமென் வாங்கிக்கிட்டான். நல்ல விலை."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்த ஸ்கூட்டர்?" என்று கேட்டேன்.

"நம்மளதுதான். சும்மாதானே நிக்குது? இன்சூரன்ஸ் மிச்சம், சர்வீஸ் மிச்சம். அந்தக் காசுல நல்ல டயரும் ஷூவும் வாங்கிட்டா பங்க்சர் தொல்லையும் இருக்காது."

"நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேனே..."

அவர் நிஜமாகவே யோசித்தார். மறந்துபோயிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் ஆறு மாதமாக நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்ட ஒரு விஷயம் அவர் மண்டையில் ஒரு மூலையில்கூட இல்லை.

"உனக்குத்தான் மெட்ரோ இருக்கே," என்றார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அழுதேன். புது ஹெல்மெட்டைப் பரண் மேல் போட்டேன். ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்களிடம், முதுகுவலி, டாக்டர் ஓட்டக்கூடாதென்று சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன்.

பிறகு மழை வந்தது. கிதிர்பூர் பக்கம் பழைய ட்ராம் தண்டவாளங்கள் ரோட்டிலேயே கிடக்கின்றன. ட்ராம் நின்றுபோய் வருஷங்களாகின்றன. தண்டவாளத்தை எடுப்பார் இல்லை. உள்ளூர்க்காரர்கள் சைக்கிளைத் திருப்பி, தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக் கடப்பார்கள். இவர் அதை ஒட்டியே போயிருக்கிறார். கட்டைவிரல் அகல டயர், தண்டவாளத்துப் பள்ளத்துக்கு அளவெடுத்த மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. இருபத்தைந்து வருடம் ரயில்வேயில் சம்பளம் வாங்கியவரைத் தண்டவாளம் கவிழ்த்துவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு.

சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார்.

கட்டோடு பஸ் ஏற முடியாதல்லவா? அதனால் ஆறு வாரம் ஆபீஸுக்குப் போகவர டாக்ஸி. தினமும் அவரைக் கீழே கொண்டுபோய் ஏற்றிவிட்டு, மெட்ரோவுக்கு ஓடினேன். சட்டைப் பட்டன் போட்டுவிட்டதும் நான்தான். ஒரு வீட்டில் ஒருவர் சிக்கனம் பிடிக்கக் கிளம்பினால் இன்னொருவர் சம்பளமில்லாமல் வேலைக்குச் சேரவேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது யாரென்று பேச்சே எழவில்லை.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருக்க, கட்டுப் பிரித்த மறுநாள் டாலிகஞ்சில் ஆட்டோ வரிசையில் நின்றிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். நான்தான் நாலாவது ஆள்.

ஒரு ஸ்கூட்டர் என் பக்கத்தில் வந்து நின்றது. முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு கீறல். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்துச் சுவரில் நான் போட்ட கீறல். ஓட்டிவந்தது சௌமெனின் மனைவி மிதாலி. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள்.

"பௌதி, ஜாதவ்பூரா? ஏறுங்க, நான் அங்கதான் ஆபீஸுக்குப் போறேன்," என்றாள் வங்காளத்தில். இங்கே அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிடுவாள்.

ஏறினேன். வேறென்ன செய்வது? முன்சீட்டுக்கு அது தேவலை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"முன்னாடி பஸ்ஸுல செத்துப்போவேன் பௌதி. இது வந்ததும்தான் நிம்மதி. சௌமென் எனக்காகவே வாங்கினார். தாதாகிட்ட ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

தாதா என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரைத்தான். "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"சூப்பர். நீங்களும் ஒண்ணு வாங்கிக்கலாமே?"

பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் யாரோ நின்று பார்த்தார்கள். மிதாலி கையசைத்துவிட்டுப் போனாள். கையைப் பிரித்துப் பார்த்தேன். டிரைவர் சண்டைக்கு வருவாரே என்று வீட்டிலிருந்தே எண்ணி எடுத்துவந்த சில்லறை அப்படியே இருந்தது.

சைக்கிள் வாங்கியதில் இதுவரை எனக்கு மிச்சமானது அதுதான்.