இரண்டாவது மாலை

என் சின்னம்மா சம்பளமில்லாமல் படிப்பித்தவர். தொண்டராசிரியை என்று அதற்கு ஒரு மரியாதையான பெயர் வேறு! குருக்கள்மடத்துத் துறையில் என்னையும் இழுத்துக்கொண்டு படகேறி, வாவியைக் கடந்து, படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வருடக்கணக்காகப் போய்வந்தார். நிரந்தர நியமனம் வரட்டும் என்று பேசிவந்த கலியாணத்தையும் தட்டிக்கழித்தார்.

ஒரு வியாழக்கிழமை, மறுநாள் கல்வி அதிகாரி வகுப்புப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது. அன்று பின்னேரம் சின்னம்மா நந்தியாவட்டையில் மாலை கட்டினார். ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்கினார்.

"ஒரு சேர்தானே வாறார், சின்னம்மா?"

"ரெண்டு கிடக்கட்டும் மகள்."

அதிகாரியோடு ஓர் இளம் பெண்ணும் வந்தார். அவரும் பெரிய அதிகாரியாக்கும் என்று நினைத்து நாங்கள் உரத்து வணக்கம் சொன்னோம். இருவருக்கும் சின்னம்மாதான் மாலை போட்டார்.

அன்றைய பாடம் முன்னொட்டு. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு சொல் எழுதிய மட்டை. எனக்கு 'அ' மட்டும். நான் யார் முன்னால் போய் நிற்கிறேனோ அவர் பாடு அவ்வளவுதான். நீதி அநீதியானான். சுத்தம் அசுத்தமாகி, அழவே தொடங்கிவிட்டாள். ஒரு பையன் எழும்பி, "டீச்சர், அமைதியிலயும் அ இரிக்கே, அப்ப மைதி எண்டா என்ன?" என்று கேட்க வகுப்பே சிரித்தது.

"அது ஒட்டினதில்ல மனே, சொல்லோட பிறந்தது," என்றார் சின்னம்மா, சிரித்துக்கொண்டே. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அதிகாரி, "மிச்சம் நல்ல வகுப்பு," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"இனி வேல கிடைக்கும்தானே?" என்று படகில் கேட்டேன். "ஓம் மகள், ஓம்," என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை தனக்கு உடம்பு சரியில்லை என்று என்னைத் தனியே படகேற்றிவிட்டார். வகுப்பில் அந்த இளம் பெண் நின்றார். அவர்தான் நிரந்தர நியமனம் பெற்ற புது ஆசிரியை. அதிகாரி வந்ததே அவரைக் கொண்டுவந்து விடத்தான். வயது கடந்துபோனதென்று சின்னம்மாவின் பெயரை எப்போதோ கழித்துவிட்டிருந்தார்கள். மாலை கட்டிய அன்று காலையிலேயே பள்ளி அதிபர் இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தார். இவையெல்லாம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தவை. அநியாயம், வேறென்ன சொல்ல!

அன்று நான் வீட்டுக்கு ஓடிவந்து, பாயில் சுருண்டு கிடந்த சின்னம்மாவின் காதில் சந்தோசமாகச் சொன்னேன்.

"யோசிக்காதீங்க சின்னம்மா. நீங்க சுகமாகி வாற வரைக்கும் அந்த டீச்சர் எங்களப் பார்ப்பா."