ஓவருக்குப் பின் வரும் அமைதி

என் சித்தப்பா பதினெட்டு வருடம் ராணுவத்தில் வயர்லெஸ் இயக்கினார். திரும்பி வந்தபோது ஒரு காது நன்றாகக் கேட்டது. இன்னொன்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் பாதியில் நின்றுபோன சில குரல்கள் இருக்கின்றன என்பார். அவற்றை அடக்கத்தான் குடித்தார். குடித்தால் அவை இன்னும் தெளிவாகக் கேட்டன.

எதிரில் உட்கார்ந்து பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பார். சித்திதான் வழி கண்டுபிடித்தார். சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு போன் போட்டார். முகம் தெரியாததும் சித்தப்பாவுக்குப் பேச்சு வந்தது. மூன்று மாதம், ஒரே கதவின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"பக்கத்து ரூம்ல இருக்கற புருஷனைப் போன் போட்டு சாப்பிடக் கூப்பிடறவ உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்பார் சித்தி.

"உப்பு கம்மின்னு சொல்லவும் போன்லதான் தைரியம் வருது" என்பார் சித்தப்பா, போனில்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இருந்த உதவி மையத்தில் வேலை பார்த்தார். போரிலிருந்து திரும்பியவர்கள் மனம் தாங்காதபோது அங்கே போன் செய்வார்கள். ஆனால் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகாதவர் போனை எடுக்கக் கூடாது என்பது நர்ஸம்மா வைத்த விதி. மையமே அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் சித்தப்பா டீ போட்டார், ஹெட்போன்களைத் துடைத்தார். ராணுவத்தில் வயர்லெஸ் பார்த்தவர் என்பதால் எல்லோரும் அவரை 'சிக்னல்' என்றார்கள்.

மதியச் சாப்பாடு கொண்டுபோனால் எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வராது. கீழே யாராவது சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள். எங்கும் போகாத அந்தச் சக்கரத்தின் டிக் டிக் சத்தம் படியேறி வரும். திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கும். அறையே மூச்சுவிட்டுத் தூங்குவதுபோல் இருக்கும்.

அப்படி ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த பெண் ஹெட்போனோடு எழுந்து நின்றாள்.

"நர்ஸம்மா, பாட்டிலை எதிர்ல வெச்சிருக்காராம். பத்து மாசமா தொடலையாம். இன்னிக்கு முடியலங்கறாரு. கடைசியா 'ஓவர்'னு சொன்னாரு. அப்புறம் சத்தமே இல்ல. எல்லாம் முடிஞ்சிடுச்சுங்கறாரா?"

நர்ஸம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட இன்னொரு போனை எடுத்தார். டீத் தட்டோடு வந்த சித்தப்பா நின்றார்.

"லைனைக் கட் பண்ணிட்டானா?"

"இல்ல சார். மூச்சு கேக்குது."

"அப்போ எதுவும் முடியல. எங்க பாஷையில ஓவர்னா, நான் சொல்லிட்டேன், இனி உன் முறைன்னு அர்த்தம். முடிச்சிருந்தா 'அவுட்'னு சொல்லியிருப்பான். பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கான். பேசும்மா!"

"என்ன சார் பேசறது?"

நர்ஸம்மா சித்தப்பாவையே பார்த்தார்.

"சிக்னல், நீங்க எடுங்க."

சித்தப்பா தட்டை என்னிடம் நீட்டினார். டம்ளர்கள் கிணுகிணுத்தன. நல்ல காதில் ஹெட்போனை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"கேக்குதுப்பா. தெளிவா கேக்குது. ஓவர்."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் தலை மெதுவாக அசைந்தது.

"எந்தச் சரக்குன்னு மட்டும் சொல்லாதே. எனக்கு வாய் ஊறும். ஓவர்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தது ஹெட்போனுக்கு வெளியிலும் கேட்டது. நர்ஸம்மா போனைக் கீழே வைத்தார்.

நாற்பது நிமிடம். இடையிடையே சித்தப்பா ஏதோ மலையின் பெயரைச் சொன்னார், பனி என்றார், விடிகிற நேரம் என்றார். நான் சுற்றிய எந்த ஊரிலும் இல்லாத வெளிச்சத்தில் இரண்டு பேர் நடந்துபோவதுபோல் இருந்தது.

"இங்க கிளம்பி வந்துடு. பாட்டிலைத் தனியா விட்டுட்டு வர முடியலைன்னா கையோட கொண்டு வா. மூடியை மட்டும் தொடாதே. ஓவர்."

நான்கு மணிக்கு ஓர் உயரமான ஆள் படியேறி வந்தார். துணிப்பையைக் குழந்தையைப்போல் அணைத்திருந்தார். சித்தப்பாவிடம் அதை நீட்டினார்.

சித்தப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்கிட்ட குடுக்காதே, தம்பி. எனக்கே பதினாலு மாசந்தான் ஆகுது."

நர்ஸம்மா பையை வாங்கி மூலையிலிருந்த தொட்டிக்குப் போனார். "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகளைப்போல் இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். மூடி திறந்தது. வாசனை அறை முழுவதும் பரவியது. பின்னால் கோத்திருந்த சித்தப்பாவின் விரல்கள் நெரிந்தன.

"போச்சாண்ணே?"

"இருடா. இன்னும் சத்தம் வருது."

குழாய் திறந்து, ஓடி, மூடியது. "திரும்பலாம்" என்றார் நர்ஸம்மா. இருவரும் திரும்பவில்லை. தோளோடு தோள் உரச நின்றபடி, அந்த ஆள் சுவரிடம் மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தார்.