வெர்லின் டாக்கெட் மாட்டிய கனத்த பஃபர்

வெர்லின் டாக்கெட் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. வயோமிங்கில் எங்கள் ஊர்த் தீவனக் கடையில் மூட்டை ஏற்றி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. ஆனால் சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்கு அவன் வரும் கோலத்தைப் பார்த்தால் போர்முனையிலிருந்து நேராக இறங்கி வந்தவன் என்றே நினைப்பீர்கள். கால்சட்டை முழுக்கப் பைகள். பாதிப் பைகளில் கொறிக்கிற சூரியகாந்தி விதை, மீதியில் ஒன்றுமில்லை.

அவன் மண்டைக்கனத்துக்குக் காரணம் ஒரு சின்ன இரும்புக் கட்டை. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளின் குழலில் ஒரு துளை உண்டு. சுடும்போது வெடிவாயு அதன் வழியாகப் பின்னுக்குப் பாய்ந்து, குழலின் பின்வாயை மூடியிருக்கும் பூட்டைத் தள்ளும். பூட்டு காலித் தோட்டாக்கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். துளை பூட்டுக்குக் கிட்டத்தில் இருந்தால் அடி முரட்டுத்தனமாக விழும், தூரத்தில் இருந்தால் சாதுவாக விழும். அந்த அடியைத் தாங்கத்தான் பின்கட்டைக்குள் ஒரு ஸ்பிரிங்கும் பஃபர் என்கிற அந்த இரும்புக் கட்டையும் இருக்கின்றன. வெர்லினுடையது குட்டைக் குழல், துளை கிட்டத்தில். கனத்த பஃபரைப் போட்டான், உதை குறைந்தது. அவன் ஆயுசில் உருப்படியாக முடிந்த ஒரே காரியம் அதுதான். உடனே உலகத்தில் உள்ள அத்தனை துப்பாக்கிக்கும் அதே மருந்து என்று முடிவுகட்டிவிட்டான்.

அவன் தங்கை மார்வா புருஷன் செத்துப்போன பிறகு ஒண்டியாக ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் கயோட்டி நரிகள் குட்டிகளைக் கணக்கில்லாமல் கொண்டுபோயின. இந்த வருஷமும் அப்படியே ஆனால் மந்தையை விற்றுவிட்டு ஊருக்குள் ஏதாவது கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அவளிடம் இருந்தது புருஷனின் நீளக் குழல் துப்பாக்கி. அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தால் வெர்லினுக்குக் கை அரிக்கும்.

“உதை ஜாஸ்தியா இருக்குமே மார்வா, குடு, பஞ்சு மாதிரி பண்ணித் தரேன்” என்று வாங்கிப்போனான். சுடுதளத்து மேஜையில் பரப்பி வைத்து, துப்பாக்கிக் கடையில் கிடைத்ததிலேயே கனமான பஃபரையும் முரட்டு ஸ்பிரிங்கையும் உள்ளே திணித்தான்.

பக்கத்து மேஜையில் இருந்த ஆரின் பெல் எட்டிப் பார்த்தார். “ஏம்ப்பா வெர்லின், இதுல துளை அந்தக் கோடியில இருக்கு. தள்றதே மெதுவாத்தான் தள்ளும். இவ்வளவு வெயிட் வெச்சா பூட்டு பாதி வழியில நின்னுடாதா?”

“நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருங்க ஆரின். கனம் போட்டா உதை கம்மி. அவ்வளவுதான் சமாச்சாரம்.”

கேட்காதபோது இன்னொருவன் துப்பாக்கியைப் பற்றி இரண்டாம் தடவை வாய் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. ஆரின் திரும்பிக்கொண்டார். வெர்லின் மத்தியான வெயிலில் தன்னுடைய வீரியமான தோட்டாக்களைப் போட்டு ஒரு பெட்டி சுட்டான். வெயிலும் வீரியமும் சேர்ந்து தள்ளியதால் ஓடியது. பல்லெல்லாம் தெரிய மார்வாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

குட்டி போடும் பருவத்தில் ஒரு விடியற்காலை. தரையில் பனி இறுகிக் கிடந்தது. பட்டிக்கு ஓரமாக இரண்டு கயோட்டிகள் வந்தன. மார்வா வழக்கமாகப் போடும் சாதாரணத் தோட்டாவால் சுட்டாள். முதல் குண்டு குறி தவறியது. மறுபடி விசையை அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. பாதி வழி போன பூட்டு புதுத் தோட்டாவை எடுக்காமலே மூடியிருந்தது. கையால் இழுத்து ஏற்றினாள், சுட்டாள், மறுபடியும் அதே கதை. அதற்குள் பட்டிக்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குட்டிகள் பனியில் கிழிந்து கிடந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

போனில் கூப்பிட்டதும் வெர்லின் வந்தான். குட்டிகள் கிடந்த பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

“நீ தோள்ல அழுத்திப் பிடிச்சிருக்க மாட்டே. பொம்பளைங்க எல்லாம் லூசாத்தான் பிடிப்பீங்க.”

“அப்ப நீ பிடிச்சு சுடு.”

சுட்டான். ஒன்று. அப்புறம் வெறும் விசைச் சத்தம்.

“தோட்டா மட்டம்” என்றான்.

“இதே தோட்டாதான் அவர் காலத்துலேருந்து போடறேன். ஒரு நாளும் நின்னதில்ல.”

“குளிரு வேற.”

“ஆடு குளிர்லதான் அண்ணே குட்டி போடுது.”

வெர்லின் டிரக்கில் ஏறிப் போய்விட்டான். மார்வா ஆரினிடம் போனாள். கேட்டுவிட்டால் எங்கள் ஆட்கள் தயங்க மாட்டார்கள். அவர் பழைய பஃபரையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, விடியற்காலைக் குளிரிலேயே அவள் தோட்டாக்களால் சுட்டுப் பார்த்துக் கொடுத்தார். அடுத்த தடவை கயோட்டிகள் வந்தபோது இரண்டாவது குண்டு பிசகாமல் ஏறியது. மிச்சக் குட்டிகள் பிழைத்தன. மந்தையும் அவள் கையில் நின்றது.

மாதக் கடைசியில் சுடுதளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. மிளகாய் போட்ட மாட்டுக்கறிக் குழம்பு, கூடவே பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி. வெர்லின் தட்டோடு நடுவில் நின்று வாயாலேயே வடை சுட்டுக்கொண்டிருந்தான். “என் தங்கச்சி துப்பாக்கி கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. நான்தான் கழட்டி எல்லாம் சரி பண்ணேன். இப்ப பாருங்க, கயோட்டி அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கிறதில்ல.”

ஆரின் குழம்பைக் கிளறினார். வெர்லினுக்குப் பின்னால் வரிசையில் மார்வா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“சரி பண்ணது நீதான்னா செத்த குட்டியும் உன் கணக்குலதான் அண்ணே. வா, வந்து அதுங்க தாயாடுங்க கத்துறதைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்குதுங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். வெர்லின் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

“அன்னிக்குக் குளிரு ரொம்ப ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு இன்னொரு இனிப்பு ரொட்டியை எடுத்துக்கொண்டான்.