நாலு விரல் தண்ணீர்

நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து கொண்டுவந்து விடுகிற ஏரி அது. அதன் மதகைத் திருகுவதுதான் அவருக்கு இருபத்தேழு வருஷப் பிழைப்பு. மதகுக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் தேட வேண்டும். பேச்சில் மகா கருமி. கேட்டதற்குப் பதில் சொல்வார், அதுவும் பாதி. அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு கிணறே வெட்டிவிடலாம் என்பாள் மனைவி.

ஆனால் கைக்கு அப்படியொரு நிதானம். குளிர்காலம் பிறந்து வலசைப் பறவைகள் வந்தால், தினமும் விடியலில் மதகுச் சக்கரத்தை இரண்டு சுற்றுத் திறந்து, வடகரையோரம் சேற்றுக்கு மேல் நாலு விரல் தண்ணீர்தான் நிற்க விடுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அந்த நாலு விரலில் குருவி அளவு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். சற்றே தள்ளி அரிவாள்மூக்கன் துழாவும். இன்னும் உள்ளே கரண்டிவாயனும் நாரையும் நிற்கும். அததன் காலுக்குத் தக்க ஆழம். இருபத்துமூன்று வகை எண்ணி வைத்திருந்தார். வரும் கோடையில் வேலை ஓய்வு. இந்தக் கடைசிக் குளிர்காலத்தில் கண் நிறையப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தார்.

புதிதாக வந்த அதிகாரியம்மா நல்ல மனுஷி. ஒரு நாள் கரைக்கே வந்து, இத்தனை பறவைக்கும் என்ன வேண்டும் என்று அக்கறையாக விசாரித்தார். சேறு, ஆழம், அளவு எல்லாம் மதகுக்காரர் நெஞ்சில் இருந்தது. நாக்குக்கு வந்தது ஒன்றுதான்.

“தண்ணி இருந்தா போதும் மேடம்.”

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பறவைகளுக்காக ஏரியை நிரப்ப வேண்டும். மதகை முழுசாக அடைக்க வேண்டும். அடைத்தார். உத்தரவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் உள்ளான்கள் இல்லை. பத்தாம் நாள் அரிவாள்மூக்கன்கள் எழுந்து போயின. நாரைகள் மட்டும் வயிறு நனைய நின்று பார்த்துவிட்டு, ஒரு காலையில் அவையும் கிளம்பின. முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகங்களுக்குத்தான் கொண்டாட்டம். ஏரி நிறைந்து அழகாயிருக்கிறது என்று சாலையில் போகிறவர்கள் படம் பிடித்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“வாய்ல என்ன பூட்டா தொங்குது? ஊமை கண்ட கனவு மாதிரி உள்ளேயே வச்சிருந்தா யாருக்குத் தெரியும்? போய்ச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

போனார். மேசைமேல் விரலை வைத்து அளந்து காட்டி, எந்தக் காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொன்னார். அந்த அலுவலகத்தில் அவர் அத்தனை பேசியதே இல்லை. அதிகாரியம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே. நல்லது பண்றதா நெனச்சுதானே பண்ணேன்.”

அப்போதே மதகைத் திறக்கச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாளில் தண்ணீர் பழைய அளவுக்கு வந்தது. சேறு பளபளவென்று வெளியே தெரிந்தது. வந்து இறங்கத்தான் யாருமில்லை. கொக்கு இரண்டு மூன்று, அவ்வளவுதான். வேறெங்கோ இடம் பிடித்துக்கொண்டவை பாதிப் பருவத்தில் திரும்புமா?

குளிர் முடிகிறவரை ஒரு நாள் விடாமல் திருகி அளவு பிடித்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் சேற்றைப் பார்த்தாள். கிண்டல் வரவில்லை.

“அடுத்த வருஷம் அதெல்லாம் வந்துரும்ங்க.”

“வரும்” என்றார். “சக்கரத்துல வேற ஆள் கை இருக்கும்.”